அலமாரிப் பாட்டும் ஆகாயப் பாட்டும்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை இறக்கும்போதுதான் பல வீடுகளில் பழைய வழக்குகள் மறுபடியும் விசாரணைக்கு வருகின்றன. சென்னையில் ஒரு மத்தியதரக் குடும்பத்தில் அப்படி விசாரணைக்கு வந்த வழக்கு, இசைத்தட்டுக்களைப் பற்றியது.

பரண்மீதிருந்து மூன்று அட்டைப் பெட்டிகள் இறங்கின. ஒன்றில் கறுப்பு எல்.பி. ரிக்கார்டுகள். மற்ற இரண்டிலும் பளபளக்கும் சி.டி. தட்டுக்கள்.

"அப்பா, இதையெல்லாம் இன்னும் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம். இதில் இருக்கிற பாட்டு அத்தனையும் என் கம்ப்யூட்டரிலேயே வருகிறதே!" என்றான் மகன்.

"இன்றைக்கு வருகிறது. நாளைக்கும் வரும் என்று எழுதிக் கொடுப்பாயா?" என்று கேட்டார் தகப்பனார்.

"பத்து வருஷமாக நீங்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லையே!"

"திறக்காவிட்டால் என்னடா? திறந்தால் இருக்குமல்லவா?"

"உங்கள் கச்சேரியைச் சீக்கிரம் முடியுங்கள். சுண்ணாம்பு காய்கிறது" என்று அம்மா குறுக்கிட்டாள். வழக்கு ஒத்தி வைக்கப்பட்டது.

அந்த ஒரு வீட்டோடு முடிகிற சண்டை அல்ல இது. சங்கீதம் கையில் பிடித்துப் பார்க்கக் கூடிய பொருளாக வீட்டில் இருக்க வேண்டுமா, அல்லது எங்கோ ஒரு யந்திரத்தில் இருந்துகொண்டு கூப்பிட்டவுடன் வந்தால் போதுமா? இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன் வழக்கின் பூர்வ கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அரக்கில் அடைத்த குரல்

எடிசன் 1877-ம் ஆண்டில் ஒலியைப் பிடித்து வைத்தபோது அது உருளையில்தான் இருந்தது. அதைத் தட்டையான தட்டாக மாற்றியவர் எமில் பெர்லினர். 1887-ல் அவர் தமது கிராமபோனுக்கு உரிமை பதிவு செய்துகொண்டார். உருளையைவிடத் தட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. இட்லித் தட்டில் மாவை ஊற்றி எடுப்பதுபோல், ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுக்களை அழுத்தி எடுத்துவிடலாம்.

அந்தப் பழைய தட்டுக்கள் எதனால் ஆனவை தெரியுமா? அரக்கு! மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்கைச் சுத்தம் செய்து, அதில் கல் மாவும் கரியும் கலந்து வார்த்த தட்டுக்கள் அவை. உலகத்துக்கு அரக்கு கொடுத்த நாடுகளில் இந்தியா முதன்மையானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ல், அமெரிக்க அரசாங்கம் இசைத்தட்டுக்கு அரக்கு உபயோகிப்பதைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. நம் நாட்டுப் பூச்சி தயவு வைக்காமல் நியூயார்க்கில் ஒரு பாட்டு வெளிவர முடியாத காலம் அது.

1902-ம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற நிபுணர் கல்கத்தாவுக்கு வந்து கோஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷந்தான் பாடலாம். மணிக்கணக்காக விஸ்தாரம் செய்யும் ராகத்தை மூன்று நிமிஷத்தில் சாறு பிழிந்து தர வேண்டும்! கோஹர் ஜான் அதைச் சாமர்த்தியமாகச் செய்தார். முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு நிறுத்துவார். நம் கர்நாடக வித்வான்களும் பிற்பாடு இதே சட்டத்துக்குள் அடங்கித்தான் பாடினார்கள். பாத்திரத்துக்குத் தக்கபடி பாயசத்தின் அளவு அமைந்தது!

1906-ல் பிறந்து 1933-ல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்று நம் காதில் விழுகிறதென்றால், அது அந்த அரக்குத் தட்டுக்களின் உபகாரம். அவர் மேடையில் நின்று பாடிய கொட்டகைகள் போய்விட்டன. கேட்டு மயங்கிய ரசிகர்களும் போய்விட்டார்கள். யாரோ சிலர் தங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த தட்டுக்கள் மட்டும் தங்கின. இந்த வழக்கில் தகப்பனார் கட்சிக்கு இது முதல் சாட்சி.

1948-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டை வெளியிட்டது. அரக்குக்குப் பதில் வினைல் என்ற பிளாஸ்டிக். நிமிஷத்துக்கு 78 சுற்றுக்குப் பதில் 33⅓ சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் பாடலாம். 1963-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடிய ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் தட்டாக வெளிவந்தது. அது சுமார் இருபது நிமிஷம் ஓடுகிறது. பழைய அரக்குத் தட்டாக இருந்தால் ஆறு தடவையாவது திருப்பிப் போட்டிருக்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து அத்தனை தடவை யார் திருப்புவார்கள்?

ஊசி போய் ஒளி வந்தது

எல்.பி.யில் ஊசி உரசுகிறது. உரச உரசத் தேய்கிறது. தூசி விழுந்தால் 'டக் டக்' என்ற தாளம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் கம்பெனியும் ஜப்பானிய சோனி கம்பெனியும் கைகோத்தன. 1982-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் குறுக்களவு, 1.2 மில்லிமீட்டர் கனம். அதில் 74 நிமிஷப் பாட்டு அடங்கிற்று.

சி.டி.யில் பாட்டு எப்படி இருக்கிறது? வெறும் எண்களாக! ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் எந்தப் படி என்று குறித்து வைக்கிறார்கள். ஏன் அத்தனை தடவை? மனிதக் காதுக்கு எட்டுகிற மிக உச்சமான ஒலி விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு கொண்டது. ஒரு ஒலியைச் சிந்தாமல் சிதறாமல் திரும்பப் பெற, அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணிதம் நிரூபித்த உண்மை. அதற்கு 40,000 போதும். கொஞ்சம் தாராளமாக 44,100 வைத்தார்கள்.

இந்த எண்களெல்லாம் தட்டில் நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கின்றன. பள்ளங்களின் வரிசையை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் முப்பது வரிகளுக்குமேல் அடங்கும். அதை ஊசியல்ல, லேசர் ஒளி படிக்கிறது. ஒளி உரசுவதில்லை; ஆகையால் தேய்மானமும் இல்லை. எல்.பி. வெளியிலிருந்து உள்ளே ஓடும்; சி.டி. உள்ளிருந்து வெளியே ஓடும்.

கீறல் விழுந்தால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தார் அனைவரையும் ஒரே பஸ்ஸில் அனுப்பாமல், பல பஸ்களில் பிரித்து அனுப்புவதுபோல, பக்கத்துப் பக்கத்து எண்களைத் தட்டில் வெவ்வேறு இடங்களில் பிரித்து வைக்கிறார்கள். ஓர் இடம் பழுதானாலும், இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1960-ல் வகுத்த முறைப்படி, தப்பிய எண்களைக்கொண்டு தொலைந்த எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். வரிசையின் போக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் முழுவதும் அழிந்தாலும் பாட்டில் ஒரு சுரங்கூடக் குறையாது.

எலும்பு தெரியாமல் மெலிந்த பாட்டு

எண்ணாக ஆன பிறகு, பாட்டு தட்டுக்குள் அடங்கிக் கிடக்குமா? எண் இருக்கும் இடமெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தாய்வீடு. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. சி.டி.யில் ஒரு விநாடிப் பாட்டுக்குப் பதினான்கு லட்சத்துக்கு மேற்பட்ட துணுக்குகள் வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்காது. டெலிபோன் கம்பியோ கேட்கவே வேண்டாம்.

ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலிய நிபுணர்கள் மனிதக் காதின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தவில் முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் நமக்குக் கேட்கிறதா? கேட்பதில்லை. கேட்காததை எதற்காக எழுதி வைக்க வேண்டும்? அப்படிக் காதில் ஏறாத பகுதிகளை நீக்கி, பாட்டைப் பதினோரில் ஒரு பங்காக மெலிய வைத்தார்கள். 1995-ம் ஆண்டில் இதற்கு எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. இந்த முறையைப் பழுது பார்க்க, சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டை பிராண்டன்பர்க் திரும்பத் திரும்பக் கேட்டாராம். தனிக்குரலில் ஒளிந்துகொள்ள இடமில்லை. குற்றம் உடனே தெரிந்துவிடும்.

பிறகு நடந்தது நாம் அறிந்ததே. 2001-ல் ஐபாட் வந்தது. சட்டைப் பையில் ஆயிரம் பாட்டு என்றார்கள். 2008-ல் ஸ்வீடனில் ஸ்பாட்டிபை தொடங்கியது. 2019-ல் இந்தியாவுக்கும் வந்தது. இன்று பாட்டை வாங்கவும் வேண்டாம், இறக்கி வைக்கவும் வேண்டாம். சந்தா கட்டினால், அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால், கேட்டது உடனே வருகிறது. நள்ளிரவில் ஒரு பழைய பாட்டின் ஞாபகம் வந்தால், எழுந்து அலமாரியைக் குடைய வேண்டியதில்லை. கிராமத்துப் பையனும் நகரத்துச் செல்வரும் ஒரே பாட்டை ஒரே தரத்தில் கேட்கிறார்கள். மகன் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

எது காதுக்கு இனிமை?

"கம்ப்யூட்டர் பாட்டில் ஜீவன் இல்லை" என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மிகவும் மெலிய வைத்த எம்.பி.3-ல் குறை உண்டு. தம்புராவின் ரீங்காரம் சற்று மங்கும். கஞ்சிராவின் துல்லியமான அடி கொஞ்சம் சிதறும். ஆனால் தாராளமான அளவில் செய்த எம்.பி.3-ஐயும் சி.டி.யையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்தால், அநேகரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

போதாததற்கு, எதையுமே நீக்காமல் மடித்து வைக்கும் முறையும் 2001-ல் வந்துவிட்டது. அதற்கு பிளாக் என்று பெயர். வேஷ்டியை மடித்து வைத்தால் இடம் குறைகிறது. பிரித்தால் ஒரு நூலும் குறைவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சி.டி.யில் உள்ளது அப்படியே, சுமார் பாதி இடத்தில் அடங்கிவிடும். சந்தா சேவைகளிலும் சில, உதாரணமாக ஆப்பிள் மியூசிக் 2021-ல் தொடங்கி, இத்தகைய முழுப் பாட்டைக் கொடுக்கின்றன. ஆகவே, காதை மட்டும் நீதிபதியாக வைத்தால், நன்றாகச் செய்த கம்ப்யூட்டர் பாட்டு சி.டி.க்கு ஒரு பிடியும் குறைந்ததல்ல. வினைலில் உண்டாகும் உரசல் ஓசையும் தேய்மானமும் அதில் கிடையா.

ஆனால் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. ஒரே பாட்டு, பல பதிப்பு! பழைய பாட்டை மறுபடி வெளியிடும்போது சத்தத்தைக் கூட்டி, ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடுவதுண்டு. பழைய பாட்டின்மேல் புதிய தாளத்தை ஏற்றி விற்ற 'ஜங்கார் பீட்ஸ்' காலத்தை யார் மறந்தார்கள்? ஆகாயத்தில் வருவது எந்தப் பதிப்பு என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. அலமாரியில் உள்ள தட்டு, அது அச்சான நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

பெயர்களின் கதியையும் பாருங்கள். கச்சேரி சி.டி.யின் உறையில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம் என்று அத்தனை பெயரும் இருக்கும். ராகமும் தாளமும் இருக்கும். சந்தா சேவையில் அநேகமாகப் பாடகர் பெயரோடு சரி. இரண்டரை மணி நேரம் கூடவே உட்கார்ந்து வாசித்தவர் யார் என்றே தெரியாமல் போகிறது!

யாருடைய பாட்டு?

தகப்பனார் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நாளைக்கும் வருமா?

2022-ம் ஆண்டு ஜனவரியில் நீல் யங் என்ற பாடகர் ஸ்பாட்டிபையுடன் கருத்து வேறுபாடு கொண்டு தம் பாட்டுக்களை விலக்கிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகே அவை திரும்பின. நடுவில் அவருடைய அபிமானிகள், சந்தா கட்டிக்கொண்டே, அந்தப் பாட்டு இல்லாமல் இருந்தார்கள். அவருடைய தட்டை வைத்திருந்தவர்களுக்கோ இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரிய வேண்டியதில்லை.

கூகிள் நடத்திய சங்கீத சேவை ஒன்று 2020-ல் மூடப்பட்டது. ஜனங்கள் தங்கள் சொந்தப் பாட்டுக்களையும் அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளத் தவணை கொடுத்தார்கள். தவணை தப்பியவர்களின் பாட்டு 2021-ல் அழிக்கப்பட்டது. மைஸ்பேஸ் என்ற நிறுவனம் 2019-ல் சொன்ன செய்தி இன்னும் மோசம். யந்திரங்களை மாற்றும்போது, 2015 வரையில் பன்னிரண்டு வருஷங்களாக ஜனங்கள் ஏற்றி வைத்திருந்த பாட்டுக்கள் தொலைந்துபோயின. கோடிக்கணக்கான பாட்டுக்கள்! அவற்றில் பல, பெயர் தெரியாத இளைஞர்கள் தங்கள் வீட்டு அறையில் பாடிப் பதிந்தவை. வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ!

சந்தா கட்டுவது வாடகை வீடு மாதிரி. சௌகரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது.

தட்டும் சிரஞ்சீவி அல்ல

இதைக் கேட்டுவிட்டுத் தகப்பனார் மீசையை முறுக்க வேண்டாம். தட்டுக்கும் ஆயுள் உண்டு.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம்தான். வினைல் வெயிலில் நெளியும். சி.டி.யின் பாட்டு, நாம் பார்க்கும் பளபளப்பான பக்கத்தில் இல்லை. படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறலே ஆபத்தானது. இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் 1980-களின் கடைசியிலிருந்து சில வருஷங்கள் தயாரான சி.டி.க்கள், மேல்பூச்சின் கோளாறினால் வெண்கல நிறமாகி ஓடாமலே போயின.

எல்லாவற்றிலும் அற்ப ஆயுள், வீட்டுக் கம்ப்யூட்டரில் நாமே பதிந்த சி.டி.க்குத்தான். கம்பெனித் தட்டில் இருப்பது அச்சில் அழுத்திய பள்ளம். நாம் பதிந்ததில் இருப்பதோ சாயத்தில் ஏற்பட்ட மாறுதல். வெயிலும் உஷ்ணமும் பட்டால் சாயம் வெளுக்கிறது. நிச்சயதார்த்தத்தையும் சீமந்தத்தையும் அரங்கேற்றத்தையும் இருபது வருஷத்துக்கு முன் ஜனங்கள் எதில் பதிந்து வைத்தார்கள்? இதில்தான்!

தட்டு நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு யந்திரம் வேண்டுமே? இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அநேகமாகச் சி.டி. போடும் இடமே இல்லை. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் 4 கோடியே 10 லட்சத்துக்கு மேற்பட்ட வினைல் தட்டுக்கள் விற்றன, சி.டி. விற்றது சுமார் 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பிறகு வினைல் சி.டி.யை முந்தியது அதுவே முதல் தடவை. பாட்டி திரும்பி வந்து பேத்தியை ஓட்டத்தில் ஜெயித்த கதை!

என்ன செய்யலாம்?

இரு கட்சியும் சமாதானமாகப் போவதே புத்திசாலித்தனம். தட்டையும் வைத்துக்கொள்ளலாம்; கம்ப்யூட்டரிலும் ஏற்றலாம்.

வெளியில் இணைக்கும் சி.டி. கருவி ஒன்றை வாங்கி, தட்டிலுள்ள பாட்டைச் சொந்த உபயோகத்துக்காக பிளாக் முறையில் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு தட்டு 400 மெகாபைட் பிடிப்பதாக வைத்துக்கொண்டாலும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் பெட்டியில் 2,500 தட்டு அடங்கும். முதலில் ஏற்ற வேண்டியவை, வீட்டில் பதிந்தவை. கடையில் வாங்கிய தட்டு வேறொரு வீட்டிலும் இருக்கும். வீட்டுத் தட்டு அந்த வீட்டில் மட்டுந்தான் இருக்கும்.

ஏற்றும்போதே பாட்டு, ராகம், பாடியவர், பக்கவாத்தியம், வருஷம் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். 'பாட்டு 1, பாட்டு 2' என்று விட்டால் பத்து வருஷத்துக்குப் பிறகு பாடியவருக்கே அடையாளம் தெரியாது. பிரதி இரண்டாக இருக்கட்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். ஒன்று தங்கை வீட்டில் இருக்கலாம்.

தட்டுக்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் ஆகாது. சி.டி.யைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைக்கலாகாது. எல்.பி.க்கு நேர்மாறு: வரியின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

தீர்ப்பு

சுண்ணாம்பு காய்ந்து, சாமான்களைத் திரும்ப அடுக்கும் நாளில் அந்த வீட்டு வழக்கும் முடிவுக்கு வந்தது. மூன்றாவது பெட்டியின் அடியில், உறை இல்லாமல் ஒரு சி.டி. கிடந்தது. மேலே பேனாவால் 'நவராத்திரி 2005' என்று எழுதியிருந்தது. அம்மாவின் எழுத்து.

மகன் அதை வாங்கி, நண்பனிடமிருந்து இரவல் கொண்டுவந்த கருவியில் போட்டான். கருவி சற்று முனகியது. பிறகு ஒரு வயோதிகக் குரல், சுருதி சற்று விலகி, ஆனால் கூச்சமில்லாமல், கொலுவுக்கு முன்னால் பாட ஆரம்பித்தது. நடுவில் ஒரு சிறுவன், "பாட்டி, சுண்டல் எப்போ?" என்று கேட்கிறான். பாட்டு நிற்கவில்லை.

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். காலமாகிவிட்ட தன் தாயாரின் குரலை அவள் பல வருஷங்களாகக் கேட்கவில்லை.

தட்டில் ஒன்பது பாட்டு. ஏழு பாட்டு முழுசாக வந்தது. எட்டாவது திக்கித் திக்கி வந்தது. ஒன்பதாவது வரவே இல்லை. சாயம் வெளுத்துவிட்டது.

"போன வருஷமே போட்டிருந்தால் ஒருவேளை அதுவும் வந்திருக்கும்" என்றான் மகன். சுண்டல் கேட்ட சிறுவன் அவன்தான்.

"பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் ஏழும் போயிருக்கும்" என்றார் தகப்பனார். ஆனால் அவர் குரலில் ஜெயித்த தோரணை இல்லை. பத்து வருஷமாகப் பெட்டியைத் திறக்காதவர் அவர்தானே!

அன்று இரவே ஏழரைப் பாட்டும் கம்ப்யூட்டரில் ஏறின. ஒரு பிரதி அத்தை வீட்டுக்குப் போயிற்று. பெட்டிகள் மூன்றும் மறுபடியும் பரணுக்குப் போகவில்லை. கை எட்டும் உயரத்தில் அலமாரியில் அமர்ந்தன.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். அடுத்த வெள்ளையடிப்பு வரையில் காத்திருக்க வேண்டாம்.